காலதரும் கண்ணாடியும்

கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியைக் காலதர் என்றனர் நம் முன்னோர். போர்த்துக்கேயர் தந்த யன்னல் அச்சொல்லை வழக்கினின்றும் நீக்கிற்று. சொல் போனதற்கு வருந்தேன். பொருளும் போகின்றதே என்பதுதான் என் கவலை.

கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர் பலர் ஊரிலே பெற்றோர்க்கு வீடு கட்டுகின்றனர். அன்பின் பணி அது. ஆயினும் அவற்றுட் சில, ரொறன்ரோவில் நிற்கவேண்டிய வீடுகள். அத்தகைய வீடொன்றுக்கு அண்மையிற் சென்றேன். திறவாக் கண்ணாடி, தட்டைக் கொங்கிறீற்றுக் கூரை. முதியோர் இருவரும் விறாந்தையிற் பாய் விரித்திருந்தனர். "உள்ளுக்குப் படுக்கேலாது மாஸ்டர், அவியுது" என்றார் பெரியவர்.

குளிர்நாட்டு வீட்டைப் பழித்தல் என் கருத்தன்று. அங்கே குளிர்காலத்தில் வீட்டினுள்ளே வெம்மையும், சமையலாலும் குளிப்பாலும் எழும் ஈரமும் மிகும், வெளியே உறைபனி. ஈரக்காற்றுச் சுவரினுட் புகுந்து குளிர்ந்தால் நீராகி மரத்தை உளுக்கச் செய்யும். ஆதலின் சுவரின் உட்பக்கத்தே நீராவி புகாத் தாளிட்டு வீட்டை இறுக அடைக்கின்றனர். அடைத்தபின் மூச்சுக்குக் காற்று வேண்டுமன்றோ? 1977ஆம் ஆண்டு கனடாவின் றெஜைனா நகரில் எழுந்த ஆய்வு வீட்டில், வெளியேறும் காற்றின் வெம்மையை உட்புகும் காற்றுக்கு ஊட்டும் கருவியையும் அமைத்தனர். அந்நாட்டுக்கு அது தக்க அறிவு.

நம் நாட்டிலோ வெம்மையும் ஈரமும் வெளியே உள்ளன. அறையைக் குளிரூட்டினால் ஈரம் வெளியிலிருந்து உள்நோக்கி வரும். அங்குள்ள விதி இங்குத் தலைகீழாகும். பகலில் வெயிலுண்ட கொங்கிறீற்று இரவில் அவ்வெப்பத்தை உமிழும். நாற்சார் வீட்டிலோ முற்றம் வெப்பக்காற்றை மேலே போக்கிற்று. தாழ்வாரம் சுவரை வெயிலினின்றும் மழையினின்றும் காத்தது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கிப் பின் வெளிவிட்டது.

நாற்சார் வீட்டுக்கே மீள்க என்று கூறேன், காணிகள் சுருங்கிவிட்டன. அடைப்பதும் பிழையன்று. வேனிலில் தென்றல் வரும் சாளரங்களைக் கூதிர்க்காலத்தில் தாழிட்டு அடைத்தமையை நக்கீரரின் நெடுநல்வாடை காட்டுகின்றது. பருவமும் நிலமும் அறியாது அடைப்பதே பிழை.

ஆதலின், அன்பர்களே, வரைபடத்தை ஊருக்கு அனுப்புமுன் இங்குள்ள மேசனாரிடம் ஒன்று கேளுங்கள்: "எங்கள் வளவுக்குச் சோளகம் எப்பக்கத்தால் வரும்?" அப்பக்கத்தில் திறக்கக்கூடிய யன்னலொன்று வையுங்கள், எதிர்ச்சுவரிலும் ஒன்று வையுங்கள். பெற்றோர் உள்ளே உறங்குவர்.