ரோட்டில் விழுந்தால் உண்டு, பாத்ரூமில் விழுந்தால் இல்லையா?

பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் வண்டி மோதினால், 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் தரும். நல்ல திட்டம்தான். அதே ரோட்டோர வீட்டில் பாட்டி பாத்ரூமில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால்? அது சாலை விபத்து இல்லையாம்!

ஆனால் அந்த எலும்புக்கும் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்வதே நல்லது. 'வயசாச்சு, எதுக்கு ஆபரேஷன்' என்று எண்ணெய்க்கட்டு போட்டுப் படுக்க வைத்தால் படுக்கைப்புண், நிமோனியா என வரிசையாக வரும். பல நாடுகளில் இப்படி விழுந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறக்கிறார்.

அந்த 48 மணி நேரத்தைப் பாட்டிகளுக்கும் கொடுக்கலாமே? அதுவரை நம் வீட்டு பாத்ரூமில் ஒரு கைப்பிடி, ராத்திரிக்கு ஒரு விடிவிளக்கு. என்ன சொல்றீங்க நண்பர்களே?