நீலக் குறுந்திரள்

தை மாதத்து இரவில் சங்கரன்கோவிலின் ஊர்ப்புறத்தே நின்று தென்திசையை நோக்குவோர், ஒளி மிக்க விண்மீன் ஒன்றைக் காண்பர். அதற்கு அகத்தியர் பெயரைச் சூட்டினர் முன்னோர். அம்முனிவர் உறைவதாகச் சொல்லப்படும் பொதிகையும் இப்பகுதி மக்களுக்கு அயலானதன்று. விண்ணிலும் மண்ணிலும் ஒரு பெயரே வழங்குதலைச் சுட்டி, ‘வானியல் முழுவதையும் தமிழர் முன்பே அறிந்திருந்தனர், இனி அறிய வேண்டுவது யாது?’ என்று மேடைகளில் முழங்குவாரும் உளர். அம்முழக்கம் செவிக்கு இனிது, ஆயின் உண்மையன்று.

கோள்மீன் வேறு, நாள்மீன் வேறு எனப் பழந்தமிழர் பகுத்துணர்ந்தனர். கருவி ஏதுமின்றி, வெறுங்கண்ணையே துணையாகக் கொண்டு அவர் கண்டவை பல. அது மெய்யான பெருமை. கண்ணுக்கு எட்டாதவற்றையும் கண்டனர் என்று கூறுதல் அவர்க்குச் சிறப்பாகாது. செய்யாத செயலை ஏற்றிப் புகழ்வது, செய்த செயலையும் ஐயத்துக்கு உள்ளாக்கும். மாணாக்கர்க்கோ அது பெருங்கேடு. எல்லாம் அறிந்தாயிற்று என நம்பிய பிள்ளை எதனைத் தேடிப் புறப்படும்?

முன்னோர் அறிந்திருக்க இயலாத பொருள்களுள் நீலக் குறுந்திரள் ஒன்று. கதிரவன் உள்ளிட்ட நம் பால்வழித் திரளில் பத்தாயிரங்கோடிக்கும் குறையாத விண்மீன்கள் உள்ளன. அதனோடு ஒப்பிட மிகச் சிறியனவாய், வளிமம் நிறைந்தனவாய், நீல நிறத்தனவாய் விளங்கும் திரள்களும் விண்வெளியில் உண்டு. மேலைநாட்டார் இவற்றைக் குள்ளன் என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குவர். அதனை அவ்வாறே பெயர்த்துக் ‘குள்ளத் திரள்’ என எழுதுவாரும் உளர். குறுந்தொகை என்று நூலுக்குப் பெயரிடத் தெரிந்த மொழிக்குக் குறுந்திரள் என்னும் சொல் எட்டாததன்று.

நீல நிறம் எங்ஙனம் வந்தது? கொல்லன் உலையிலிட்ட இரும்பு முதலில் சிவக்கும். வெம்மை மிகுந்தோறும் மஞ்சளும் வெண்மையும் எய்தும். விண்மீன்களின் வெம்மை அவ்வெல்லையையும் கடந்து செல்வதால் அவற்றுள் நீலமும் தோன்றும். செந்நிறத் திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 3,500 கெல்வின். அதற்கு அண்மையில் காணப்படும் ரைகல் என்னும் நீலவெண் மீனுக்கோ ஏறத்தாழ 12,000 கெல்வின். பருத்த நீல மீன்கள் தம் எரிபொருளை ஊதாரிபோல் விரைந்து செலவிட்டுச் சில கோடி ஆண்டுகளுக்குள் மடியும். கதிரவனின் வாழ்நாளோ ஏறத்தாழ ஆயிரங்கோடி ஆண்டு. ஆகவே, ஒரு திரள் முழுதும் நீலமாய்த் தோன்றின், அங்கே விண்மீன்கள் அண்மையிலேதான் பெருந்தொகையாகப் பிறந்தன என்பது பெறப்படும்.

சுவிக்கி என்னும் அறிஞர் பெயரால் வழங்கும் ‘முதல் சுவிக்கி 18’ இவ்வகையில் புகழ் பெற்றது. அஃது ஏறத்தாழ ஆறு கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஹபிள் தொலைநோக்கியால் ஆராய்ந்தோர், அதன் அகவை ஐம்பது கோடி ஆண்டுக்கு மேற்படாது என்று 2004இல் அறிவித்தனர். பின்னர் அதே தொலைநோக்கியால் மேலும் கூர்ந்து நோக்கியபோது, இளமீன்களின் பேரொளிக்கிடையே மங்கிய முதுமீன்களும் புலப்பட்டன. அகவை நூறு கோடி ஆண்டுக்குக் குறையாது என 2007இல் முடிவு திருத்தப்பட்டது. திருத்தியதால் அவ்வறிவுத்துறைக்கு இழுக்கு நேர்ந்ததா? இல்லை. மேடை முழக்கமோ நூறு முறை எழுந்தாலும் ஒரு முறையும் திருந்துவதில்லை.

இந்நாட்டாரும் இவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டுள்ளனர். 2015 செப்டம்பர் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் புறஊதா ஒளியை நோக்கும் தொலைநோக்கி உண்டு. அவ்வொளியின் பெரும்பகுதியைக் காற்றுமண்டலம் தடுத்துவிடுவதால், அதனைக் காண விண்ணேறிச் செல்லல் வேண்டும். நூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலுள்ள நீலக் குறுந்திரள்கள் பதினொன்றை அக்கருவி நோக்கியது. அவற்றின் புறவிளிம்பில் இளமீன் கூட்டங்கள் பிறந்து, மெல்ல உள்நோக்கி நகர்கின்றன என்று 2022இல் ‘நேச்சர்’ இதழில் அறிவிக்கப்பட்டது. சிறுதிரள் எவ்வாறு வளர்கின்றது என்னும் வினாவுக்கு இது விடையின் ஒரு பகுதி. இவ்வாராய்ச்சியில் புனேயின் வானியல் நடுவத்தோடு, அசாமின் தேஜ்பூர்ப் பல்கலைக்கழகமும் ஈடுபட்டது. தேஜ்பூர் மாநகரன்று. தறியோசைக்கிடையே பாடம் படிக்கும் சங்கரன்கோவில் மாணவி இதனை மனத்திற்கொள்ளல் நன்று. ஆஸ்ட்ரோசாட் திரட்டிய பதிவுகள் 2018 முதல் பொதுப் பார்வைக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பயன்கொள்ளக் கணக்கும் இயற்பியலும் வேண்டும். முன்னோர் புகழ் மட்டும் போதாது.

எவர் பெரியர் என்று வாதிட்ட சங்கன், பதுமன் என்னும் நாகர் இருவர் கதை இவ்வூர்க் கோயிலுக்கு உரியது. பழமை பெரிதோ புதுமை பெரிதோ என்னும் வழக்கும் அத்தகையதே. தை அமாவாசையன்று இரவு ஒன்பது மணி அளவில், ஊர்விளக்குகளை விட்டு விலகி, அகத்திய மீனுக்குக் கீழே சற்று வலப்புறம் நோக்குக. அடிவானுக்கு மேலே, நீட்டிய கையின் முட்டி அளவு உயரத்தில் மங்கிய புகை போன்ற ஒன்று தென்படும். அதுவே பெரிய மகெல்லன் முகில். ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அத்திரள் நீலக் குறுந்திரள் இனத்ததன்று; எனினும் பால்வழியினும் மிகச் சிறியது; அதன் ஒரு பகுதியில் இன்றும் விண்மீன்கள் திரளாகப் பிறக்கின்றன. தில்லியில் வாழ்வார்க்கு அது அடிவானுக்கு மேல் எழுவதே இல்லை. சங்கரன்கோவிலில் கண்கள் இருளுக்குப் பழகக் கால்மணி நேரம் காத்திருந்தால் போதும்.