விலகினாரா? விலக்கப்பட்டாரா?

மேடவாக்கம் கூட்டுச்சாலையில் மாலை ஏழு மணியளவில் சற்றே நின்று பாருங்கள். தாம்பரத்தினின்று வேளச்சேரிக்குச் செல்லும் சாலையும், பெரும்பாக்கம் சோழிங்கநல்லூர்ப் பக்கம் பிரியும் சாலையும் கூடுமிடத்தில், உணவுக்கடை வாயில்தோறும் முதுகில் பெரும்பை சுமந்த இளைஞர்கள் இருசக்கர வண்டிகளோடு காத்து நிற்பர். கல்லூரியில் இருக்கவேண்டிய அகவையினர் அவருட் பலர். ‘என்ன படித்தாய் தம்பி?’ என்று கேட்டால் மீண்டும் மீண்டும் கிடைக்கும் விடை இது: ‘கல்லூரியில் சேர்ந்தேன் ஐயா, முடிக்கவில்லை.’

அவ்வாறு விடையிறுத்த ஓர் இளைஞனிடம் அண்மையில் சற்றுப் பேச நேர்ந்தது. அரசு மேனிலைப்பள்ளியில் தமிழ்வழியில் அறிவியல் படித்து நல்ல மதிப்பெண் பெற்றவன். தன் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள். இயற்பியல் பட்டப்படிப்பில் சேர்ந்தான். முதற்பருவத்தில் மூன்று தாள்கள் தவறின. இரண்டாம் பருவத்தில் அவை ஐந்தாயின. மூன்றாம் பருவத்தில் அவன் கல்லூரிக்குப் போகவில்லை. ‘ஏன் விட்டாய்?’ என்றேன். ‘வகுப்பில் சொல்வது விளங்கவில்லை ஐயா, எழுந்து கேட்கவும் கூச்சமாக இருந்தது’ என்றான். ‘நீ வரவில்லையே என்று எவரேனும் தேடி வந்தனரா?’ என்றேன். ‘எவரும் வரவில்லை’ என்று சொல்லிவிட்டு, கைப்பேசி ஒலிக்கவே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

இவனைத்தான் நம் அறிக்கைகள் ‘இடைநின்றவன்’ என்று எழுதுகின்றன. ஏதோ அவனே விரும்பி நின்றுவிட்டதுபோலவும், அவன் நின்றதில் பிறர்க்குப் பங்கே இல்லாததுபோலவும் அச்சொல் ஒலிக்கின்றது. உண்மை அதுவன்று. அவன் நின்றவன் அல்லன், நிறுத்தப்பட்டவன்.

தமிழ்நாடு உயர்கல்வியில் முன்னிற்கின்றது என்பது மெய்யே. நடுவணரசின் 2021-22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வரையுள்ள அகவையினரைக் கொண்டு கணக்கிடும் சேர்க்கை அளவு இந்திய அளவில் ஏறத்தாழ 28 விழுக்காடு. தமிழ்நாட்டிலோ 47 விழுக்காடு. இதில் நாம் பெருமை கொள்வதில் தவறில்லை. ஆயின், அக்கணக்கு எதைச் சொல்கின்றது? உள்ளே வந்தவர் தொகையைச் சொல்கின்றது. பட்டத்தோடு வெளியே போனவர் தொகையைச் சொல்லவில்லை. விதைத்த நிலத்தின் பரப்பைச் சொல்லிவிட்டு, களத்திற்கு வந்த நெல்லின் அளவைச் சொல்லாத உழவனை ஊர் நம்புமா?

இனி, பிள்ளைகள் வெளியேறும் கரணியங்களைப் பார்ப்போம். முதலாவது வறுமை. மேடவாக்கத்தையடுத்த பெரும்பாக்கத்தில் சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்கள் பல்லாயிரம், அடுக்கடுக்கான வீடுகளில் வாழ்கின்றன. 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின்னர் இங்குக் கொண்டுவரப்பட்டோரும் பலர். வீடு இங்கும் வேலை நகரின் நடுவிலுமாக அலைந்து, பெற்றோரின் பொழுது பேருந்திலேயே கழிகின்றது. தந்தை ஒரு திங்கள் நோயில் படுத்தால் மகன் வேலைக்குப் போகின்றான். மகளுக்கோ திருமணப் பேச்சு எழுகின்றது. அரசு கல்லூரியில் கட்டணம் பெரிதன்று. படிக்கும் நாளில் இழக்கும் கூலியே பெரிது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பெற்ற ‘புதுமைப்பெண்’ திட்டமும், 2024ஆம் ஆண்டு ஆகத்தில் மாணவர்க்கெனத் தொடங்கப்பெற்ற ‘தமிழ்ப்புதல்வன்’ திட்டமும் திங்கள்தோறும் ஆயிரம் உருபா தருகின்றன. நல்ல செயலை நல்லதென்றே சொல்வோம். எனினும், அவ்வாயிரம் பேருந்துக்கும் படிகளுக்கும் ஆகுமேயன்றி, ஒரு திங்கள் கூலிக்கு ஈடாகாது.

ஆயின், வறுமையை வென்று வகுப்பறைக்குள் வந்து அமர்ந்த பிள்ளையும் வெளியேறுகின்றானே, அஃது ஏன்? இங்குத்தான் பலரும் பேசத் தயங்கும் இரண்டாம் கரணியம் நிற்கின்றது. அது பயிற்றுமொழி.

பன்னிரண்டாம் வகுப்பில் அவன் ‘முடுக்கம்’ என்று படித்தான். ‘உந்தம்’ என்று படித்தான். ‘நிலைமம்’ என்று படித்தான். பொருளுணர்ந்து படித்தான், கணக்கும் போட்டான். கல்லூரியில் முதல்நாளே அவை ‘ஆக்சிலரேசன்’ என்றும் ‘மொமெண்டம்’ என்றும் ‘இனர்சியா’ என்றும் வேற்றுருக் கொண்டு வந்து நிற்கின்றன. அவை தான் அறிந்தவையே என்பதுகூட அவனுக்குத் தெரிவதில்லை, தெரிவிப்பாரும் இல்லை. தான் அறிந்ததையே அறியாதவனாக ஒருவனை ஆக்கிவிடுவதைவிடக் கொடுமை கல்வியுலகில் வேறுண்டோ? அறிவில்லாதவன் என்று பிறர் சொல்லுமுன் அவனே தன்னை அவ்வாறு எண்ணத் தொடங்குகின்றான். அடுத்த பருவத்தில் கடைசி இருக்கைக்குப் போகின்றான். அதற்கடுத்த பருவத்தில் சாலைக்குப் போகின்றான்.

அமெரிக்கக் குமுகவியல் அறிஞர் வின்சென்ட் டிண்டோ, கல்லூரியை விட்டு மாணவர் விலகுவது பற்றி 1975ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை எழுதினார். வீட்டுநிலை, முன்கல்வி ஆகியவற்றோடு, கல்லூரியின் கல்வி வாழ்விலும் கூட்டு வாழ்விலும் மாணவன் எவ்வளவு ஒன்றிப்போகின்றான் என்பதையும் அவர் முன்வைத்தார். மொழியே விளங்காத வகுப்பில் நம் பிள்ளை எதனோடு ஒன்றுவான்?

தமிழில் உயர்கல்வி இயலாது என்பாரும் உளர். அவர்க்கு வரலாறு விடை சொல்லும். 1960ஆம் ஆண்டிலேயே கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு முன்னோடியாகத் தொடங்கப்பெற்றது. தொடர்ந்து கல்லூரிப் பாடநூல்கள் நூற்றுக்கணக்கில் தமிழில் வெளிவந்தன. 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. எனவே இயலாமை என்பது பொய். நடந்தது என்ன? தொடங்கினோம், பேணவில்லை. பழைய நூல்கள் புதுக்கப்படாமல் நூலகத்தில் தூசு படிந்தன. தமிழ்வழி வகுப்பு என்பது பல இடங்களில் பெயரளவில் நின்று, ஆங்கிலக் குறிப்பையே படியெடுக்கும் வகுப்பாயிற்று. 2023ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பொறியியல் சேர்க்கையை நிறுத்தும் அறிவிப்பே வந்து, எதிர்ப்பெழுந்தபின் கைவிடப்பட்டது.

இதனால் வரும் இழப்பு பட்டத்தோடு முடிவதன்று. தமிழ்வழியில் படித்தோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2010இல் வந்தது. பள்ளி முதலே தமிழ்வழியில் படித்திருக்கவேண்டும் என்றது 2020ஆம் ஆண்டுத் திருத்தம். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளை, தமிழ்வழிப் பட்டப்படிப்பு தன் கல்லூரியில் இல்லாமையால் ஆங்கிலவழியில் சேர்ந்தால், பட்டம் பெற்றாலும் பட்டதாரிப் பணியில் அவ்வொதுக்கீட்டை இழக்கின்றான். தேறாவிடில் பட்டத்தையும் இழக்கின்றான்.

‘அவ்வாறாயின் ஆங்கிலமே வேண்டாவா?’ என்று கேட்பார்க்குச் சொல்வோம்: ஆங்கிலத்தை மொழியாகக் கற்பியுங்கள், நன்றாகவே கற்பியுங்கள். மதிலாக எழுப்பாதீர்கள். 1877ஆம் ஆண்டில் டோக்கியோப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றபோது, அங்கும் வெளிநாட்டு ஆசிரியர் பலர் வேற்றுமொழிகளிலேயே கற்பித்தனர். ஒரு தலைமுறைக்குள் சப்பானியர் அவ்விடங்களில் அமர்ந்து தம்மொழியில் கற்பிக்கலாயினர். அதனால் அவர்தம் அறிவியல் குன்றிவிடவில்லை.

இந்நிலையில் நடுவணரசின் 2020ஆம் ஆண்டுக் கல்விக்கொள்கை புதியதொரு மருந்து கொண்டுவந்துள்ளது. ஓராண்டு படித்து வெளியேறினால் சான்றிதழ். ஈராண்டில் வெளியேறினால் பட்டயம். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இது விருப்பத்தேர்வாக இருக்கலாம். ஏழைப் பிள்ளைக்கு இது வெளியே தள்ளும் கதவுக்குப் பூசிய வண்ணம். ஏன் போனாய் என்று கேட்கவேண்டிய கடமையினின்று கல்லூரியை அது விடுவித்துவிடும்.

ஈண்டு ஒன்று சொல்லாமல் விடுவதற்கில்லை. பெரும்பாக்கத்தில், செம்மொழித் தமிழாய்வு நடுவண் நிறுவனத்திற்கு எழுப்பப்பெற்ற பெருங்கட்டடம் 2022ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பெற்றது. மகிழ்ச்சியே. ஆனால், பழந்தமிழுக்கு மாளிகையும், அத்தமிழில் பயின்ற பிள்ளைக்குச் சாலையோரமுமா? மேடையில் தமிழ் முழங்கிவிட்டு நம் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்பும் நாமும் இக்குற்றத்திற்குப் புறம்பானவர் அல்லேம்.

செய்யவேண்டுவன இவை. ஒவ்வொரு கல்லூரியும் எத்தனை பேர் சேர்ந்தனர், மூன்றாண்டில் எத்தனை பேர் முடித்தனர் என்னும் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். முதற்பருவம் முழுவதும் தமிழிலும் விளக்கிக் கற்பித்து, இருமொழிக் கலைச்சொற் பட்டியலை ஒவ்வொரு மாணவன் கையிலும் தரவேண்டும். ஆண்டுக்கணக்கில் மதிப்பூதியத்தில் அலைக்கழிக்கப்படும் விரிவுரையாளர்க்கு நிலையான பணி வேண்டும். தன் நாளைய நிலையே அறியாதவர் மாணவனின் நாளையை எண்ணுவது எங்ஙனம்? பத்துநாள் வராத மாணவனின் வீட்டிற்கு ஒருவர் நடந்துபோய்க் கேட்கவேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்கவேண்டுவதில்லை. மேடவாக்கத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பட்டம் பெற்றோர் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். ஞாயிறுதோறும் இரண்டு மணிநேரம், தெருவுக்கு ஒரு திண்ணை, கற்பிக்க ஒருவர்: இவை போதும். தவறிய தாள்களை மீண்டும் எழுத வாய்ப்புண்டு என்பதையே அறியாத பிள்ளைகள் உளர்; அதைச் சொல்வதே பாதி உதவி.

அவ்விளைஞனை மறுகிழமையும் அதே இடத்தில் கண்டேன். ‘இனிமேல் முடியுமா ஐயா?’ என்று அவனே கேட்டான். முடியும் என்றேன். ஞாயிறன்று தன் பழைய பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூலோடு வந்தான். முதலில் அவன் அறிந்தவற்றை அவனுக்கே நினைவூட்டினோம். பின்னர் அவற்றின் ஆங்கிலப் பெயர்களைச் சொன்னோம். ‘இதுதானா அது!’ என்றான்.

தமிழ்ப் பெருமக்களே! இப்படி ஒரு சொல் எட்டாமையால் வெளியே நிற்கும் பிள்ளைகள் உங்கள் தெருவிலும் உளர். தேடிச் செல்லுங்கள்.