புதுக் காருக்கு ஜிபிஎஸ் வேண்டுமா?

ஜெராமில் புது மைவி எடுக்கிறவரிடம், "ஜிபிஎஸ் பூட்டிட்டீங்களா?" என்று கேட்காதவர் இல்லை. என்னைக் கேட்டால், முதலில் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். முழுக் காப்புறுதி திருட்டுக்கும் சேர்த்துத்தான். ஆனால் இழப்பீடு கோரினால், காப்புறுதிக் கட்டணத்தில் வருடக் கணக்கில் சேர்த்த 55 விழுக்காடு வரையிலான கழிவு பறிபோகும். காப்புறுதியைச் சந்தை விலைக்கு எடுத்திருந்தால், வரும் பணம் 9 வருடக் கடன் பாக்கிக்கே பற்றாமல் போகலாம்.

ஜிபிஎஸ் கருவி திருட்டைத் தடுப்பதில்லை. கார் போன இடத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். அதையும் சிம் கார்டு வழியாகத்தான் அனுப்ப வேண்டும். இரும்புக் கொள்கலனுக்குள் ஏற்றிவிட்டாலோ, அலைத்தடுப்பான் வைத்தாலோ ஊமையாகிவிடும். கிள்ளான் துறைமுகம் நமக்கு எவ்வளவு பக்கம்! இருந்தும் ஹைலக்ஸ்காரருக்குப் பூட்டச் சொல்வேன். திருடர்கள் தேடிப் பிடிக்கும் வண்டி அது. காணோம் என்றதும் போலீசிடம் இடத்தைக் காட்ட முடிந்தால் சந்தாப் பணம் வீணில்லை. மைவிக்கு ஸ்டீரிங் பூட்டு போதும் என்பது என் கட்சி. அது திருடன் கண்ணில் படும், ஜிபிஎஸ் படாது. அப்படியும் மனசு கேட்காவிட்டால், கண்ட பட்டறையில் ஒயரை வெட்டவிடாதீர்கள். உத்தரவாதம் என்னவாகும் என்று விற்றவரிடமே கேட்டுக்கொண்டு பூட்டுங்கள்.