வழியில் நின்றுபோன கடிதங்கள்

காலமறிந்து செயல்படுவதன் சிறப்பைக் கூற வள்ளுவப் பெருந்தகை ‘காலமறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். பெய்யவேண்டிய பருவத்தில் பெய்யும் மழையே பயிரைக் காக்கும். அறுவடைக்குப் பின் கொட்டினால் களத்திலுள்ள நெல்லும் முளைத்துப் பாழாகும். கடிதமும் அப்படித்தான். உரிய நாளில் வந்தால் அது செய்தி. நாள் தவறி வந்தால் வெறுங் காகிதம்.

“கையில் கைபேசி இருக்கும் இந்நாளில் கடிதத்தைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?” என்று தோழியர் சிலர் கேட்கலாம். நலம் விசாரிக்கும் கடிதங்கள் குறைந்துவிட்டன என்பது மெய்யே. தந்தி சேவையும் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் ஆதார் அட்டை, வாக்காளர் அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கியின் ஏ.டி.எம். அட்டை, பணி நியமன ஆணை, நீதிமன்ற அறிவிப்பு ஆகியவை இன்றும் தபாலில்தானே வருகின்றன? அக்காலத்தில் கடிதம் தாமதித்தால் மனம் வருந்தியது. இக்காலத்தில் தாமதித்தால் வாழ்வே தடைபடுகிறது. ஆகவே கடிதங்களின் எண்ணிக்கை குறைந்திருந்தாலும், ஒவ்வொரு கடிதத்தின் மதிப்பும் கூடியிருக்கிறது என்பதே என் கருத்து.

எங்கள் தெருவில் ஓர் அக்கா செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தார். திங்கட்கிழமை நேர்காணல். அழைப்புக் கடிதம் வீட்டுக்கு வந்ததோ வியாழக்கிழமை! உறையைப் பிரித்துப் பார்த்தால், கடிதத்தில் இருந்த தேதிக்கும் அன்றைய தேதிக்கும் இடையே பன்னிரண்டு நாட்கள். அனுப்பியவர்களைக் கேட்டால், “நாங்கள் அன்றே தபாலில் சேர்த்துவிட்டோம்” என்றார்கள். தபாலைக் கொணர்ந்தவரைக் கேட்டால், “எனக்கு இன்றுதான் வந்தது, பாப்பா” என்றார். இருவர் சொன்னதும் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் நடுவில் கழிந்த அந்தப் பன்னிரண்டு நாட்களுக்குப் பொறுப்பாளி யார்? ஒருவரும் இல்லை. அக்காவின் ஓர் ஆண்டு மட்டும் வீணாயிற்று. அக்காவின் அம்மாவோ, “எல்லாம் தலையெழுத்து” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இது தலையெழுத்தா? இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். 2018-ஆம் ஆண்டு ஒடிசா மாநிலம் பத்ரக் மாவட்டத்து ஓடங்கா என்னும் சிற்றூரில் நடந்ததைப் பாருங்கள். அங்கே கிளை அஞ்சலகம் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டபின், கைவிடப்பட்ட பழைய கட்டிடத்தருகே விளையாடிய பள்ளிப் பிள்ளைகள் சில மூட்டைகளைக் கண்டார்கள். உள்ளே ஏறத்தாழ 6,000 கடிதங்கள்! 2004-ஆம் ஆண்டு முதற்கொண்டு கொடுக்கப்படாமலே கிடந்தவை. பல கடிதங்கள் கறையானுக்கு இரையாகியிருந்தன. சுமார் 1,500 மட்டுமே படிக்கும் நிலையில் இருந்தன. கடற்படையில் சேர 2011-இல் விண்ணப்பித்த ஓர் இளைஞருக்கு வந்த கடிதமும் அவற்றுள் ஒன்று. பொறுப்பில் இருந்த ஊழியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பதிவுத் தபாலையும் விரைவு அஞ்சலையும் அந்த ஊழியர் ஒழுங்காகவே கொடுத்துவந்தாராம். ஏனெனில் அவற்றுக்கு எண் உண்டு, ரசீது உண்டு, கேட்பார் உண்டு. மூட்டையில் கிடந்தவை சாதாரணத் தபால்கள். எண் இல்லாத கடிதத்திற்கு நாதி இல்லை! பணம் கூடுதலாகக் கட்டியவரின் கடிதம் மட்டுமே தேடப்படும் என்றால், ஏழையின் கடிதத்தை யார் தேடுவது? குறைந்த செலவில் ரசீதுடன் அனுப்ப உதவிய பதிவுத் தபாலும் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது.

சட்டமாவது துணை நிற்கிறதா? 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம், கடிதம் தொலைந்தாலும், தாமதித்தாலும், வேறு ஆளிடம் போனாலும், சேதமடைந்தாலும், தானே ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் அரசு பொறுப்பேற்காது என்று கூறியது. அது வெள்ளையர் ஆட்சியில் எழுதப்பட்டது, போகட்டும். அதன் இடத்தில் 2024 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சலகச் சட்டம், 2023 என்ன சொல்கிறது? விதிகளில் குறிப்பிடப்படும் பொறுப்பைத் தவிர அஞ்சலகத்துக்கு வேறு பொறுப்பு இல்லை என்றே அதுவும் சொல்கிறது. நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் கழித்து எழுதிய சட்டத்திலும் மக்கள் பக்கம் சற்றே சாய்ந்திருக்கலாகாதா?

தனியார் கூரியர்கள் இதற்கு மாற்றாவார்கள் என்று நினைப்பதற்கும் இல்லை. சிற்றூர்களுக்கு வர மறுத்து, “டவுனுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்வோர் உண்டு. பொருள் கைக்கு வராமலே ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று கைபேசிக்குச் செய்தி வந்த கதைகளும் நம் வீடுகளில் ஏராளம். நாடெங்கும் 1,60,000-க்கு மேற்பட்ட அஞ்சலகங்களை வைத்துக்கொண்டு கடைக்கோடிக் கிராமம் வரை செல்வது அரசின் அஞ்சல் துறை ஒன்றே. அதனால்தான் அதனிடம் உரிமையோடு குறை சொல்கிறோம்.

தபால்காரர்கள் அனைவரையும் பழிப்பது என் நோக்கம் அன்று. நீலகிரி மாவட்டம் குன்னூர்ப் பகுதியில் சிவன் என்னும் தபால்காரர், யானையும் கரடியும் நடமாடும் காட்டு வழியே நாள்தோறும் சுமார் 15 கிலோமீட்டர் நடந்து கடிதங்களைக் கொடுத்து, 2020-இல் ஓய்வு பெற்றார். நாடே அவரைப் போற்றியது. கிராமங்களில் பணியாற்றும் அஞ்சல் ஊழியர்கள் பலர் முழுநேர அரசு ஊழியர்கள் அல்லர்; குறைந்த ஊதியத்தில், ஒருவரே பல ஊர்களுக்கு வெயிலிலும் மழையிலும் செல்கின்றனர். அவர்களுடைய சுமையைக் குறைக்காமல் வேகத்தை மட்டும் கேட்பது நியாயமாகாது.

மக்களாகிய நம்முடைய பங்கும் இதில் உண்டு. முகவரியை அரைகுறையாக எழுதினால் கடிதம் எங்கே போய்ச் சேரும்? நம் மாவட்டத்திலேயே ‘புதுப்பட்டி’ என்ற பெயரில் எத்தனை ஊர்கள்! இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரியின் முயற்சியால் 1972 ஆகஸ்டு 15 அன்று ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் கொண்டுவரப்பட்டது. முதல் மூன்று இலக்கங்கள் கடிதம் பிரிக்கப்படும் வட்டாரத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் அதைக் கொடுக்கும் அஞ்சலகத்தையும் காட்டும். புதுக்கோட்டை நகரின் எண் 622001. ஆனால் அறந்தாங்கியின் எண் 614616. ஒரே மாவட்டத்தில் இது எப்படி? நம் மாவட்டம் பிறந்ததோ 1974 ஜனவரி 14 அன்று. குறியீட்டு எண் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. ஆகையால் ஒரே மாவட்டந்தானே என்று ஊகித்து எண்ணை எழுதினால், கடிதம் ஊர் சுற்றிவிட்டுத்தான் வரும்.

இனிச் செய்யவேண்டியவை யாவை? முதலாவதாக, வேலைக்கும் படிப்புக்கும் அழைப்பு அனுப்பும் நிறுவனங்கள் அதைச் சாதாரணத் தபாலில் அனுப்பலாகாது. எண்ணுள்ள தபாலில் அனுப்புவதோடு, கைபேசியிலும் தெரிவிக்கவேண்டும். அனுப்பிய நாளைக் கணக்கிடாமல், கடிதம் கிடைத்த நாளைக் கணக்கிட்டே கெடு வைக்கவேண்டும். இரண்டாவதாக, அடுத்த ஊருக்குப் போகும் ஐந்து ரூபாய்க் கடிதம் எத்தனை நாளில் சேரவேண்டும் என்று ஒவ்வொரு கிளை அஞ்சலகத்திலும் பலகையில் எழுதி வைக்கவேண்டும். மூன்றாவதாக, காலியாக உள்ள தபால்காரர் இடங்களை உடனுக்குடன் நிரப்பவேண்டும்.

நாமும் சும்மா இருத்தல் ஆகாது. முழு முகவரியையும், குறியீட்டு எண்ணையும், அனுப்புநர் பெயரையும் தெளிவாக எழுதுவோம். அனுப்புநர் முகவரி இருந்தால், கொடுக்க முடியாத கடிதம் நம்மிடமே திரும்பிவரும். ரசீதைப் பத்திரப்படுத்துவோம். கடிதம் தாமதித்து வந்தால் உறையைக் கிழித்தெறியாமல் வைத்திருப்போம். அதன்மேல் உள்ள முத்திரைகளே சாட்சி. அஞ்சல் கோட்டங்களில் குறைதீர்ப்பு முகாம்கள் நடக்கின்றன. அங்கே எழுத்துமூலம் முறையிடுவோம். வாய்ச்சண்டை ஒரு நாளோடு போகும். எழுதிய மனுவுக்குப் பதில் வந்தே தீரவேண்டும்.

1991, 1992-ஆம் ஆண்டுகளில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் உடைத்த தாய்மாரும் களை பறித்த தாய்மாரும் மாலை நேரத்தில் விளக்கடியில் அமர்ந்து எழுத்துக் கற்றார்கள். தமக்கு வரும் கடிதத்தைப் பிறர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லவேண்டிய நிலை மாறவேண்டும் என்று விரும்பியவர்கள் அவர்கள். அவர்களின் பேத்திகளாகிய நாம் பட்டப் படிப்புக்கும் பணிக்கும் விண்ணப்பிக்கப் போகிறோம். படிக்கத் தெரிந்த கைகளுக்குக் கடிதம் வந்து சேரவேண்டாமா?

பெற்றோரே, பெரியோரே! கடிதம் வரவில்லை என்றால் விதியை நோகாதீர்கள், காரணம் கேளுங்கள். தோழியரே! நம்மில் யாரேனும் நாளை அஞ்சல் துறையில் அதிகாரியாக அமர்ந்தால், எண்ணில்லாத அந்தச் சாதாரணக் கடிதத்தையே முதலில் கையில் எடுப்போமாக.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி