வயலுக்குப் பாடப்பிரிவு உண்டா?

திருப்பூர் – தாராபுரம் சாலையும் கோவை – கரூர் சாலையும் சந்திக்கும் ஊர் அவிநாசிபாளையம். பொழுது விடியும் வேளையில் அந்த நாற்சந்தியில் நின்றால், அவ்வட்டாரத்து விவசாயத்தின் சங்கடம் ஒன்று கண்ணெதிரே தெரியும். பனியன் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் திருப்பூரை நோக்கி விரைகின்றன. களை வெட்ட ஆள் தேடுகிறவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

அவரை ஒரு கேள்வி வாட்டுகிறது. 'தென்னையை வைத்துக்கொள்வதா, மக்காச்சோளத்துக்குப் போவதா, கொறங்காடாக விட்டு ஆடு மேய்ப்பதா?' இதில் மண் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பூச்சி இருக்கிறது, கூலி இருக்கிறது, சந்தை விலையும் இருக்கிறது. அவருக்கு எல்லாம் ஒரே கேள்விதான். கல்லூரியிலோ இது மண்ணியல், உழவியல், பூச்சியியல், பொருளாதாரம் என்று துறை துறையாகச் சிதறிப் போகிறது. மாணவன் ஒவ்வொன்றிலும் தேர்ச்சி பெறுகிறான். கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது!

மருத்துவக் கல்வியிலும் முன்பு இதே குறை இருந்தது. கானடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-இல் புது வழி ஒன்றைத் தொடங்கியது. நோயாளியின் தொல்லையை முதலில் மாணவர்முன் வைப்பது. அதைத் தீர்க்க என்ன தெரியவேண்டும் என்பதை அவர்களே தேடிப் படிப்பது. பயிருக்கும் இது பொருந்தாதா?

தென்னையையே எடுத்துக்கொள்வோம். சுருள் வெள்ளை ஈ 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டியது. புத்தகம் படித்த மாணவன் பூச்சியின் பெயரைச் சொல்வான். எந்த மருந்து என்று தேடுவான். ஆனால் கண்டபடி மருந்தடித்தால், அந்த ஈயைத் தின்றொழிக்கும் என்கார்சியா என்ற குளவியும் மடிந்து, தொல்லை பெருகும். 'மருந்து வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் போதுமா? தண்ணீரைப் பீய்ச்சி ஈயைக் கழுவலாம் என்றால், தண்ணீர் உண்டா, செய்ய ஆள் உண்டா, பக்கத்துத் தோட்டக்காரர் மருந்தடிக்காமல் இருப்பாரா? இவற்றையும் கேட்கப் பழகியவனே பயனுள்ள பட்டதாரி.

நம் நாட்டில் இதற்கு வாசல் திறக்காமல் இல்லை. சைதாப்பேட்டையில் 1868-இல் பள்ளியாகத் தொடங்கி, கோவைக்கு வந்து, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்த ஸ்தாபனத்தின் இறுதியாண்டு மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடைமுறையில் என்ன காண்கிறோம்? அசோலா வளர்ப்பு, மஞ்சள் ஒட்டுப்பொறி என்று செயல்விளக்கம் நடக்கிறது. பத்திரிகையில் படமும் வருகிறது. விவசாயி கேட்பதற்கு முன்பே விடை வந்துவிடுகிறது. அவர் கேட்க நினைத்தது வேறாக இருந்தால், அது அறிக்கையில் ஏறுவதில்லை.

ஆசிரியர்கள் சொல்லும் தடையையும் தள்ளிவிட முடியாது. அடிப்படை தெரியாத மாணவனிடம் வயலை ஒப்படைத்தால் திணறுவான். பாடத்திட்டமோ அகில இந்திய அளவில் வகுக்கப்படுவது. ஒவ்வொரு குழுவுடனும் உட்கார்ந்து பேச ஆசிரியர்களும் வேண்டும். குழுவின் தேடலுக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்பதும் சிக்கல்தான்.

எனினும், முதலாண்டிலேயே நாலைந்து மாணவர்களுக்கு ஒரு தோட்டத்தைக் காட்டி, படிப்பு முடியும்வரை அங்கேயே போய்வரச் செய்யலாம். மண்ணியல் வகுப்பு நடக்கும்போது அந்த மண்ணையே சோதிக்கட்டும். பொருளாதாரம் வரும்போது அந்தக் குடும்பத்தின் வரவு செலவையே எழுதட்டும். தேர்வில் சொன்ன விடையைத் தோட்டக்காரரிடமும் சொல்லிப் பார்க்கட்டும்.

பரம்பிக்குளம் – ஆழியாறு பாசன நிலங்கள் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை தண்ணீர் விடப்படுகிறது. நாலாண்டுப் படிப்பில் ஒரு மாணவன் அந்த வாய்க்காலில் இருமுறை தண்ணீர் வருவதையும், இடைப்பட்ட காலத்தில் அந்தக் குடும்பம் கிணற்றை எட்டிப் பார்ப்பதையும் காணலாம். இறுதியாண்டில் மட்டும் வந்து தங்குகிறவன் பச்சையைப் பார்ப்பானோ, காய்ந்ததைப் பார்ப்பானோ, அது அவன் வந்த மாதத்தைப் பொறுத்தது.