அறிவை நிறுக்கும் தராசு

ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசில் பரீட்சை என்பது இன்று நம் நாட்டில் ஒரு பரீட்சையின் பெயர் மட்டுமன்று. ஒரு பருவத்தின் பெயருமாகும். மாரியும் கோடையும் போல அதுவும் ஆண்டுதோறும் வருகின்றது. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் இக்கரையோரத்தில் அந்தப் பருவம் தொடங்கிவிட்டால், பத்து வயதுப் பிள்ளைகளை மாலை வேளையில் கடற்கரை மணலிலே காண முடியாது. காலையில் ஒரு வகுப்பு, பின்னர் பாடசாலை, பிற்பகலில் மற்றொரு வகுப்பு, இரவில் மாதிரி வினாத்தாள். பெறுபேறு வெளியானதும் சந்திகளிலே பதாகைகள் எழுகின்றன. வெட்டுப்புள்ளிக்கு மேலே நின்ற பிள்ளையின் படம் அதில் சிரிக்கின்றது. கீழே நின்ற பிள்ளைக்குப் பதாகை இல்லை, ஆனால் தீர்ப்பு உண்டு: “இவனுக்கு மூளை காணாது.”

இந்தத் தீர்ப்பைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகின்றோம்.

இப்பரீட்சையின் இரு வினாத்தாள்களுள் முதலாவது, பாடம் படித்ததைச் சோதிப்பதன்று; நுண்ணறிவைச் சோதிப்பது எனப்படுவது. அடுத்து வரும் உருவம் எது, இக்கூட்டத்தில் சேராதது எது, இன்னாருக்கு இன்னார் என்ன உறவு என்ற வினாக்கள் அதில் வருகின்றன. பிள்ளைகள் மட்டுமல்லர், ஆசிரியப் பதவிக்கு விண்ணப்பிக்கும் பட்டதாரியும் நிர்வாகச் சேவைக்குப் போட்டியிடும் இளைஞனும் இவ்வகை வினாத்தாளுக்கு முன்னே அமரத்தான் வேண்டியிருக்கின்றது. இப்படியொரு பரீட்சைக்கு அமர்வதால் பிள்ளைக்குப் பயன் உண்டா? சமூகத்துக்குப் பயன் உண்டா? நாம் கேட்கும் கேள்வி இதுதான்.

முதலில் இத்தராசைச் செய்தவர் என்ன கூறினார் என்பதைப் பார்ப்போம். 1905ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலே அல்பிரட் பினே என்னும் உளவியலாளர், சைமன் என்னும் மருத்துவரோடு சேர்ந்து முதலாவது நுண்ணறிவுச் சோதனையை வெளியிட்டார். அவருடைய நோக்கம் மிக எளிமையானது. வகுப்பிலே பின்தங்கும் குழந்தைகள் எவர், அவர்களுக்கு எவ்வகை உதவி வேண்டும் என்று அறிவதே அது. ஒரு மனிதனின் அறிவு கூட்டவோ குறைக்கவோ முடியாத ஒரு நிலையான அளவு என்று சொன்னோரை அவர் கண்டித்தார். பயிற்சியால் அறிவு வளரும் என்றே நம்பினார். சுருங்கச் சொன்னால், வைத்தியர் நோயாளியின் உடற்சூட்டைப் பார்க்கும் கருவியைப் போன்ற ஒன்றையே அவர் செய்தார். காய்ச்சல் கண்டவனுக்கு மருந்து கொடுப்பதற்கான கருவியேயன்றி, வைத்தியசாலைக் கதவை அவன் முகத்தில் அறைவதற்கான கருவியன்று அது.

பினே 1911இல் மறைந்தார். அவருடைய கருவி அத்லாந்திக்கைக் கடந்தது. கடந்ததும் குணம் மாறியது. ஐக்கிய அமெரிக்காவில் கொடார்ட், தேர்மன் முதலியோர் அதனைப் பிறவி அறிவின் அளவுகோலாக்கினர். முதலாம் உலகப் போரின்போது ஏறத்தாழ 17 இலட்சம் படைவீரர்கள் இவ்வகைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். எழுத்தறிந்தோருக்கான தாளிலே, கடையில் விற்கும் ஒரு சமையற் கொழுப்பின் வணிகப் பெயரைத் தந்து, அது என்ன பொருள் என்று கேட்டார்கள். எழுத்தறியாதோருக்கான படத்தாளிலே வலையில்லாத டெனிஸ் மைதானத்தைக் காட்டி, குறைவது என்ன என்று கேட்டார்கள். டெனிஸ் ஆட்டத்தைக் கண்ணாலும் கண்டிராத இத்தாலிய விவசாயியின் மகன் விடை தெரியாது விழித்தான். அவனுடைய இனமே அறிவிற் குறைந்தது என்று எழுதினார்கள். அப்பெறுபேறுகளை வைத்து 1923இல் நூல் எழுதிய கார்ல் பிரிகம், 1930இல் தம் முடிவுகளைத் தாமே கைவிட்டார். ஆனால் தெற்கு ஐரோப்பியருக்கும் கிழக்கு ஐரோப்பியருக்கும் கதவைச் சாத்திய 1924ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தை அந்தக் கைவிடல் திறந்துவிடவில்லை. அச்சட்டம் பல காரணங்களால் பிறந்தது; ஆயினும் அதற்கு அறிவியல் என்ற போர்வையைத் தந்தோருள் இந்த அளவையாளரும் இருந்தனர்.

நம்மை ஆண்ட இங்கிலாந்தின் கதை இதனினும் சுவையானது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின்னர் அங்கே 11 வயதுப் பிள்ளைகளை ஒரு பரீட்சையால் பிரித்தார்கள்: சிலர் இலக்கணப் பாடசாலைக்கு, பெரும்பாலோர் அதற்குக் கீழான பாடசாலைக்கு. அறிவு பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது என்ற கொள்கைக்கு அங்கே பெருந்தூணாக நின்றவர் சர் சிரில் பேர்ட். பிரித்து வளர்க்கப்பட்ட ஒத்த இரட்டையரைத் தாம் ஆராய்ந்ததாக அவர் எழுதினார். 1955இல் 21 இணைகள் என்றார். 1966இல் 53 இணைகள் என்றார். இணைகளின் தொகை இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்தும், அவர்களது நுண்ணறிவு ஒற்றுமையைக் காட்டும் எண் 0.771 ஆகவே அசையாமல் நின்றது! இவ்விந்தையை 1974இல் லியோன் கமின் சுட்டிக்காட்டினார். 1979இல் பேர்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹேர்ன்ஷோ, தரவுகள் புனையப்பட்டவை என்ற முடிவுக்கே வந்தார். பின்னர் அவருக்காக வாதாடியோரும் உளர். எனினும் அந்த எண்களின் மீது இன்று எவரும் வீடு கட்டுவதில்லை. ஆனால் அந்தக் கொள்கையின் நிழலில் பிரிக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் போன காலத்தை யார் திருப்பிக் கொடுப்பார்?

அறிவு பிறவியிலே முடிவாகிவிடுவதன்று என்பதற்கு அளவையாளரின் ஏடுகளே சான்று. நெதர்லாந்தில் படைச் சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களின் நுண்ணறிவு ஈவு 1952க்கும் 1982க்கும் இடையே ஏறத்தாழ 20 புள்ளி உயர்ந்ததை ஜேம்ஸ் பிளின் 1987இல் எடுத்துக்காட்டினார். முப்பது ஆண்டுகளில் ஒரு மக்களின் பிறவி மாறிவிடுமா? மாறியவை உணவும், பாடசாலையும், வாழ்க்கை முறையும், அதற்கேற்பப் பழகிய சிந்தனையுமே.

இனி நம் வீட்டு முற்றத்துக்கு வருவோம். பரீட்சையை ஆதரிப்போரிடம் நாம் ஒன்று கேட்கின்றோம். முதலாம் வினாத்தாள் அளப்பது பிறவி அறிவு என்றால், அதற்கு ரியூசன் எதற்கு? ரியூசனால் புள்ளி உயரும் என்றால், அது அளப்பது பிறவி அறிவையா, பெற்றாரின் பணப்பையையா? இரண்டில் ஒன்றைத்தான் கூறலாம். இரண்டையும் ஒரே வாயால் கூறுவதன் மீதே இன்று ஒரு பெரும் வியாபாரம் நடக்கின்றது.

அரசுக்கும் இவ்வுண்மை தெரியாததன்று. வெட்டுப்புள்ளியை மாவட்டத்துக்கு மாவட்டம், மொழி மூலத்துக்கு மொழி மூலம் வேறாக வகுப்பது அரசே. புள்ளி பிள்ளையின் மூளையில் மட்டும் பிறப்பதில்லை, பிள்ளை பிறந்த இடத்திலும் பிறக்கின்றது என்பதற்கு இதைவிட ஒப்புதல் வேண்டுமா? ஆனால் மாவட்டத்தோடு அந்த ஒப்புதல் நின்றுவிடுகின்றது. ஒரே அம்பாறை மாவட்டத்தில், கல்முனை நகரத்துப் பிள்ளையும், திருக்கோவிலுக்கு மேற்கே சாகாமக் குளத்து நீரை நம்பி வாழும் குடியானவனின் பிள்ளையும் ஒரே கோட்டில் நிறுத்தப்படுகின்றனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இது. நீண்ட போரையும் கண்ட மாவட்டம். தராசுத் தட்டில் பிள்ளையை மட்டும் ஏற்றுகின்றோம் என்கிறார்கள். பிள்ளையோடு அதன் வீடும், ஊரும், பட்ட துன்பமும் ஏறி நிற்பதைக் காண மறுக்கின்றார்கள்.

2024ஆம் ஆண்டின் அனுபவத்தை எவரும் மறந்திருக்க முடியாது. செப்டெம்பர் 15ஆம் நாள் நடந்த பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் மூன்று வினாக்கள் முன்னரே வெளியாகிவிட்டன. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. முடிவில் அம்மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்கப்பட்டது. நீதிமன்றத்தை நாம் குறை கூறவில்லை. குழந்தைகள்மீது மறு பரீட்சையைச் சுமத்தாமல் விட்டது நியாயமே. ஆனால் சிந்தித்துப் பாருங்கள்! மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் “நுண்ணறிவு” ஒரே நாளில், ஒரே கட்டளையால் மூன்று வினா அளவு கூடிவிட்டது. ஒரு புள்ளியால் ஒரு பிள்ளையை மேலே ஏற்றி, மற்றொரு பிள்ளையைக் கீழே தள்ளும் அளவுகோலின் துல்லியம் இவ்வளவுதான்.

மொழியையும் சற்று நோக்குவோம். இக்கரையின் முஸ்லிம் ஊர்களில் மூத்த சகோதரன் காக்கா. மூத்த சகோதரி தாத்தா அல்லது ராத்தா. ஏட்டுத் தமிழிலோ தாத்தா என்றால் பாட்டனார். உறவுமுறை வினாவிலே அச்சொல் வருமானால், இப்பிள்ளை முதலில் தன் வீட்டு மொழியை மறந்து, பிறகே கணக்குக்குள் நுழைய வேண்டும். அதே பிள்ளை, தாய்வழியாக வரும் குடி எது, எந்தக் குடியில் தனக்கு மச்சான் முறை, எதில் சகோதர முறை என்பதை மூத்தம்மாவின் மடியிலேயே கற்றிருக்கும். தமிழரும் முஸ்லிம்களும் பொதுவாகப் பேணிவந்த அந்தக் குடிமுறையின் சிக்கலை அவிழ்க்கும் நுட்பத்துக்கு எந்த வினாத்தாளில் புள்ளி உண்டு?

சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931, 1932ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குச் சென்றார். சுத்தியல், வாள், மரக்குற்றி, கோடரி ஆகியவற்றின் படங்களைக் காட்டி, சேராதது எது என்று கேட்டார். எழுத்தறியா உழவர்கள், எல்லாம் சேர்ந்தவையே என்றனர். குற்றி இல்லையேல் வாளுக்கும் கோடரிக்கும் வேலை ஏது? வினாத்தாள்காரனுக்கு இது பிழை. உழைப்பவனுக்கு இதுவே அறிவு. கூட்டுப்பண்ணையிலும் பாடசாலையிலும் சிறிது காலம் பழகியோர் “கருவிகள்” என்ற வகுப்பாலேயே பிரித்தார்கள் என்பதையும் லூரியா கண்டார். கல்வியும் சமூக வாழ்வும் சிந்தனையின் வடிவத்தையே மாற்றுகின்றன என்பது அவர் முடிவு. இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைத்தலாகாது. 1936இல் சோவியத் ஆட்சி இத்தகைய சோதனைகளை ஆணையிட்டு ஒழித்தபோது, லூரியாவின் ஆய்வும் முடங்கியது. 1974இல்தான் அது முழு நூலாக வெளிவந்தது. தடை என்பது விமரிசனத்துக்கு ஈடாகாது. நாம் வேண்டுவது தடையன்று, பயனை மாற்றுதல்.

நல்லெண்ணம் கொண்ட அன்பர் சிலர் நம்மிடம் கேட்பர்: “இப்பரீட்சையும் இல்லையென்றால் ஏழைப் பிள்ளைக்கு வழி ஏது?” இக்கேள்வியை நாம் மதிக்கின்றோம். கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி மலர்ந்தது. மத்திய கல்லூரிகள் எழுந்தன. கிராமத்து ஏழைப் பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கப் புலமைப் பரிசில் வழி செய்தது. இடைநிலைக் கல்வி ஒரு சிலரின் உடைமையாயிருந்த காலத்தில் அது ஓர் ஏணி. அந்த ஏணியில் ஏறியோர் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஆனால் இன்று அது ஏணியா? ஏணியின் அடியிலேயே ரியூசன் கட்டணம் கேட்கும் வாயிற்காவலன் நிற்கின்றான். கிராமப் பாடசாலையில் எஞ்சிய ஒரு கெட்டிக்காரப் பிள்ளையையும் நகரப் பாடசாலை இழுத்துக்கொள்கின்றது. பிள்ளை போனால் பெற்றாரின் அக்கறை போகும். அக்கறை போனால் ஆசிரியர் இடமாற்றம் தேடுவார். பின்னர் பாடசாலைக் கூரை ஒழுகினாலும் கேட்பாரில்லை. ஒருவனை ஏற்றிவிட்டு, நாற்பது பேர் நிற்கும் நிலத்தைத் தோண்டுவதற்கு ஏணி என்று பெயரிட இயலுமா?

பிள்ளைகளுக்கிடையே வேறுபாடே இல்லை என்று நாம் வாதிடவில்லை. ஒருவன் கணக்கிலே விரைவான். ஒருத்தி சொல்லிலே வல்லவள். இச்சோதனையில் நன்கு செய்வோர் பின்னரும் பாடசாலையில் நன்கு செய்கின்றனர் என்பதையும் மறுக்கவில்லை. ஒரே கிணற்றிலிருந்து இறைத்த இரு குடங்களிலும் ஒரே சுவை இருப்பதில் வியப்பென்ன? நாம் மறுப்பது ஒன்றையே: பத்து வயதில், இரண்டு மணிநேரச் சொச்சத்தில் எழுதிய விடைத்தாள் ஒரு மனிதனின் அறிவுக்கு எல்லைக்கல் என்பதை.

ஆகவே நாம் கூறுவது தெளிவு. ஏழைப் பிள்ளைக்கு உதவிப் பணம் வேண்டும். அதற்குத் தகுதி அதன் ஏழ்மையே, வெட்டுப்புள்ளியன்று. நுண்ணறிவுச் சோதனை இருக்கட்டும். அது பினே வைத்த இடத்தில், பின்தங்கிய பிள்ளைக்கு உதவ விழையும் ஆசிரியரின் கையில் இருக்கட்டும். சாகாமத்துப் பாடசாலைக்கும் கல்முனைப் பாடசாலைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பிள்ளை நடந்து கடக்க வேண்டியதில்லை, அரசே கடக்கட்டும். அதுவரை, ஆசிரிய அன்பர்களே, உங்கள் பாடசாலை வாயிலில் பிள்ளைகளின் புள்ளிகளைப் பதாகையில் எழுதித் தொங்கவிடாதீர்கள். உங்கள் வகுப்புப் பிள்ளையிடமே மாலையில் கட்டணம் வாங்கிப் பகலில் கற்பிக்க வேண்டியதைக் கற்பிக்காதீர்கள். மாணவ நண்பர்களே, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உங்கள் தெருவிலே தோற்றதாகச் சொல்லப்பட்ட ஒரு பிள்ளையைத் தேடிச் சென்று பாடம் சொல்லிக் கொடுங்கள்.

எந்த வட்டையிலும் வரம்புக்கு அப்பால் உள்ள வயலில் பயிர் வாடினால், உழவன் விதையைப் பழிப்பதில்லை, வாய்க்காலைத்தான் பார்க்கின்றான். தண்ணீர் வராத வயலை அளந்து அளந்து, “இது விளையாது” என்று எழுதி வைக்கும் வேலையை நாம் இன்னும் எத்தனை ஆண்டு செய்யப்போகின்றோம்? அளந்தது போதும், வாய்க்காலை வெட்டுவோம்.